கூரை உயரத்தில் ஒரு பசு

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஃபெஸ்டஸ் மல்கெரினின் கறுப்புப் பசு தரைக்கு ஒரு சாண் மேலே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. புதன்கிழமை ஒரு முழம். அயர்லாந்தின் கானமாராக் கடற்கரையில் அந்த வாரம் முட்டை விலையும் ஏறியிருந்ததால், பசு ஏறியதை ஊரில் யாரும் தனியாகப் பேசவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து நிலத்துச் சபீனா ஃபாஹர்ட்டி ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கல்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடடா, என்ன லட்சணமான மாடு!" என்று சொல்லிவிட்டாள். மாட்டைப் புகழ்ந்தால் கையோடு "கடவுள் காப்பாத்தட்டும்" என்று சொல்லித் துப்பிவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணேறு. சபீனாவுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரு வாத்துத் தகராறில் பதினொரு வருடம் ஃபெஸ்டஸோடு பேசாதிருந்தவள், வாய் தவறிப் பேசிவிட்ட அதிர்ச்சியில் வாழ்த்தை விழுங்கிவிட்டாள்.

புகழ்ந்த வாயே வந்து வாழ்த்தினால்தான் பசு இறங்கும். அதற்குப் போய்க் கூப்பிட வேண்டுமே! ஐம்பது தாண்டிய ஒண்டிக்கட்டை ஃபெஸ்டஸ் வேறு வழிகளைப் பார்த்தான். வாலில் சிவப்புத் துணி கட்டினான். துணியும் சேர்ந்து மேலே போனது. கழுத்துக் கயிற்றை வாசல் தூணில் முடிந்துவிட்டு, ஏணி வைத்து வைக்கோல் ஊட்டினான். வெள்ளிக்கிழமை பசு கூரை உயரத்தில் நின்றது. ஈனும் வலியும் கண்டுவிட்டது. அவனுக்கிருந்த ஒரே பசு. தாயைக் கயிறு பிடித்திருக்கிறது, பிறக்கப்போகும் கன்றை எது பிடிக்கும்? காற்று கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. பதினொரு வருட ரோஷத்தையும் சுவரையும் ஒரே தாவாகத் தாண்டினான்.

"சபீனா, மாடு..."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? நாலு நாளா சால்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்ப நீயே வந்திருக்கலாமே?"

"வாத்து யாரோடது? மொதல்ல அதச் சொல்லு."

"உன்னோடதுதான். வா தாயே!"

அவள் ஏணியில் ஏறி மூன்று தடவை துப்பி வாழ்த்தினாள். ஒரு துளி ஃபெஸ்டஸின் தொப்பியில் விழுந்தது, அவன் துடைக்கவில்லை. பசு பஞ்சுமூட்டை போல இறங்கிப் புல்லில் கன்று ஈன்றது. கன்றைப் பார்த்ததும் இருவரும் வாயைத் திறந்தார்கள், உடனே சேர்ந்து துப்பினார்கள்.

அதற்குப் பிறகும் சில ஞாயிறுகளில் சபீனா பசுவைப் புகழ்கிறாள், மீதியை மறந்துவிடுகிறாள். செவ்வாய் விடிந்தால் பசு ஒரு சாண் ஏறி நிற்கும். ஃபெஸ்டஸ் முணுமுணுத்துக்கொண்டே தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அவளைக் கூப்பிடப் போவான். முழங்கால் வலி என்று சொல்லி, சுவரில் அன்று தாண்டிய இடத்துக் கற்களை மட்டும் எடுத்துவிட்டான்.