ஊத்துக்குளிப் போசி

"பொறுங்க, அப்படியே பிடுங்காதீங்க" என்று விஜயகுமாரி சொன்னதும் ஐஸ் பெட்டியைச் செருக இடம் தேடியவர் கம்ப்யூட்டர் ஒயரிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். அவள் கணவர் தமிழ்செல்வன் அந்த வீட்டில் போட்ட ஒரே சட்டம் அது. வேலம்பாளையத்தில் வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். பின்னால் தகரக் கொட்டகையில் எம்பிராய்டரி மிஷின். பனியன் நெஞ்சில் தைக்கிற சின்னம், பள்ளிக்கூட முத்திரை, குழந்தைச் சட்டை முயல் என்று இத்தனை வருஷத்து டிசைன் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள். சட்டம் போட்டவர் இப்போது பெஞ்சில் படுத்திருந்தார். விடிகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்தவர், ஆஸ்பத்திரி வாசலோடு சரி.

"பிடுங்கட்டும்க்கா" என்றான் டிசைன் போடுகிற முனீஸ். "நேத்தே நிறுத்தியாச்சு. அதுல இனி ஒண்ணுமில்ல."

உசிலம்பட்டிக்காரன், பத்து வருஷமாக இவர்கள் வீட்டுச் சோறு. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். நேற்று சாயங்காலம் ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி அனுப்பியது போல ஒரு மெயில் வந்திருக்கிறது. இவன் திறந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் எல்லா டிசைனுக்கும் பூட்டு விழுந்துவிட்டது, பணம் கட்டினால்தான் திறக்குமாம். பக்கத்திலேயே செருகிக் கிடந்த ஹார்ட் டிஸ்கையும் அது விடவில்லை. அண்ணன் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆஃப் பண்ணிட்டு ஊட்டுக்குப் போ, காலையில் பார்க்கலாம் என்றாராம்.

"அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நான் நிமிந்து பாக்கலக்கா."

விஜயகுமாரி அதற்குப் பிறகு அழவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோதும் அவள் மனசு ராத்திரிச் சாப்பாட்டிலேயே நின்றது. மூன்றாவது தோசை வேண்டாம் என்றார். டிவியைப் பார்க்காமல் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டா படுத்தார்? என்னவென்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

கணவரின் அக்கா நல்லம்மாள் ஊத்துக்குளியிலிருந்து வந்து சேரும்போது பத்து மணி இருக்கும். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கூடவே ஒரு பையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

எடுத்துப் போனபின், தலை முழுகிய ஈரத்தோடு இருவரும் சமையலறைப் பக்கம் உட்கார்ந்தார்கள். நல்லம்மாள் பையிலிருந்து சில்வர் தூக்குப்போசியை எடுத்து விஜயகுமாரி முன்னால் வைத்தாள்.

அந்தப் போசியை விஜயகுமாரிக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு தவறாமல் தமிழ்செல்வன் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவார். வரும்போது அது நிறைய வெண்ணெய் இருக்கும். எடுத்துவந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிவிடுகிற பழக்கம் நல்லம்மாளுக்கு இல்லை. டாக்டர் வேண்டாமென்று சொன்ன வெண்ணெய். விஜயகுமாரி வைதுகொண்டே உருக்கி, பாதியை மிஷின்காரர்களுக்குக் கொடுத்துவிடுவாள். இவர் என்னவோ டிஸ்க் மாற்றப் போகிறேன் என்பார். ஒரு காப்பி கம்ப்யூட்டர்ல, ஒண்ணு பக்கத்துல, ஒண்ணு வேற ஊர்ல. ஒரே ஊட்டுல வெச்சா எல்லாம் ஒண்ணாப் போயிரும் என்பார். வெண்ணெய்க்கு ஒரு சாக்கு என்றுதான் அவள் நினைத்தாள்.

"வேற ஊர்ல பொண்டாட்டிக்கும் ஒரு காப்பி வெச்சிருக்கீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"உனக்குக் காப்பி எடுக்க முடியாது. அதனாலதான் ஹெல்மெட் போடுங்கறன்" என்றார் அவர்.

இப்போது போசிக்குள் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. போன ஞாயிறு வெண்ணெய் சேரவில்லை என்று அவர் போசியோடு அங்கேயே விட்டுவந்தது.

"நேத்து ராத்திரி போன் பண்ணுனான் கண்ணு" என்றாள் நல்லம்மாள். "போசிய எடுத்து வெய்யி, நாளைக்கு வந்து வாங்கிக்கறன்னான். சேதி வந்து கெளம்பையில எதுக்குன்னு தெரியாம கையில எடுத்துட்டு வந்துட்டன்."

"ஏனுங் நங்கையா, வேற என்ன சொன்னாரு?"

"சிரிச்சான். திருடன் வந்துட்டுப் போயிட்டான் அக்கா, உன்ற ஊட்டு வழிதான் அவனுக்குத் தெரியலைன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. சரி சரி, தூங்குன்னு வெச்சுட்டான்."

விஜயகுமாரி அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். நல்லம்மாள் சொன்னாள். "சிரிச்சாரா?" "சிரிச்சான் கண்ணு." அப்புறம்தான் விஜயகுமாரிக்கு அழுகை வந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த முனீஸைக் கூப்பிட்டு, நல்லம்மாளை மறுபடி சொல்லவைத்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதைச் செருகவே கூடாது, இதற்கும் பூட்டு விழும் என்றான். விஜயகுமாரியின் மகள் வினிதாவின் லேப்டாப்பில் செருகினான். பள்ளிக்கூட முத்திரை வந்தது. முயல் வந்தது. மூன்று நாள் வேலைதான் குறைந்தது. எல்லாவற்றையும் லேப்டாப்பில் இறக்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

நல்லம்மாள் கிளம்ப எழுந்தாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, செருப்பைத் தேடினாள். அடுப்பு மூட்டாத வீட்டில் போசியில் போட்டுக் கொடுக்க எதுவும் இல்லை.

விஜயகுமாரி போசியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். டிஸ்கை மஞ்சள் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள்.

நல்லம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்தாள். கழுத்துவரை பால் ஊற்றியது போல, போசி ஆடிவிடாமல் பிடித்துக்கொண்டு போனாள்.