பள்ளம் வந்தால் மட்டும் 'டிங்'

எத்தனையோ மெக்கானிக்குகளிடம் காட்டியும் அந்தச் சத்தம் பிடிபடவில்லை. சமமான ரோட்டில் மோட்டார் சைக்கிள் சாதுவாகப் போகும். பள்ளத்தில் இறங்கினால் போதும், இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து 'டிங்!'

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். ஸ்டெதஸ்கோப்பை இன்ஜின்மேல் வைத்துக்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"பழைய இரும்புக்குப் போட்டுடும்மா. நானே ஆள் பார்த்து வச்சிருக்கேன்" என்றார் அத்தான். அவள் அக்காவின் கணவர்; முன்பு வண்டி அவருடையது. "இது என் கை பட்ட இன்ஜின். கோளாறு ஓட்டுறவங்ககிட்டதான் இருக்கணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "இன்னிக்கு நானே பிரிச்சுப் பார்க்கிறேன். காரணம் கிடைக்கலைன்னா, இல்ல இன்ஜின் கூடு விரிசல் விட்டுச்சுன்னா, உங்க ஆளை வரச் சொல்லுங்க. வண்டியைத் தந்துடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வண்டி இல்லாமல் பஸ் போகாத தெருக்களின் நோயாளிகளிடம் எப்படிப் போவாள்?

கார் ஷெட் மேஜையில் இன்ஜின் மல்லாந்து கிடந்தது. இன்ஜினின் வெளிக்கூடான கிராங்க் கேஸின் உருவத்தை ஓர் அட்டையில் வரைந்து, கழற்றும் போல்ட்டுகளை அதே இடத்தில் குத்தி வைத்தாள். எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. ரப்பர் சுத்தியலால் தட்டினாள். கேஸ் அசைந்தால்தானே!

"தள்ளு, நெம்பிடலாம்." அத்தான் நீளமான ஸ்க்ரூ டிரைவருடன் வந்தார். அதன் முனை உடைந்து பல வருஷமாகிறது. பெயின்ட் டப்பா திறக்கத்தான் வீட்டில் உதவும்.

"அத்தான், கையை எடுங்க! விளிம்புல வெட்டு விழுந்தா ஆயில் ஒழுகும்."

"அவதான் சொல்றாளே, சும்மா நில்லுங்களேன்" என்று பக்கத்தில் நின்ற அக்கா ஓர் அதட்டல் போட்டாள்.

நர்ஸ் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நெருக்கமாகப் போல்ட்டுகள். செயின் சக்கரம் இருந்த பக்கம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி. இங்கே மட்டும் ஏன் இல்லை?

பழைய டூத் பிரஷ்ஷால் அந்த இடத்து அழுக்கைச் சுரண்டினாள். கறுப்புப் பிசுக்குக்கு அடியில் ஒரு போல்ட் ஒளிந்துகொண்டிருந்தது!

அதைக் கழற்றி இரண்டு தட்டு தட்டியதும் மயிரிழை அளவுக்குக் கேஸ் பிளந்தது. அக்கா கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொள்ள, இவள் மேல்பாதியைச் சாயாமல் தூக்கினாள். விரிசல் இல்லை. ஆனால் விளிம்பில், அந்தப் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே, பழைய வெட்டுத் தழும்பு ஒன்று.

ஆயில் சகதியில் விரலை விட்டுத் துழாவினாள். நகம் அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு. துடைத்தாள். தட்டையான முனை.

"அத்தான், அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் காட்டுங்க."

அத்தான் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போயிற்று. அக்கா வெடுக்கென்று பிடுங்கித் தந்தாள். துண்டை வைத்ததும் கச்சிதமாகப் பொருந்தியது.

"உங்க கை பட்ட இன்ஜின்தான், சந்தேகமே இல்லை!" என்று அக்கா சிரித்த சிரிப்பில் ஷெட்டே அதிர்ந்தது.

"வண்டி என்கிட்ட இருந்தப்போ ஒரு தடவை லேசாத்தான் நெம்பினேன்..." அத்தான் திருதிருவென விழித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, போல்ட் அட்டையைப் பவ்யமாக இரு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"சொல்லும்மா, முதல்ல எதைப் போடணும்?"

"முதல்ல போனைப் போடுங்க. உங்க ஆளை வர வேண்டாம்னு சொல்லுங்க."