மாஜோங் பேப்பரில் எழுதிய பதில்கள்

என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் நாற்பத்தொன்பது வயதில் வியட்நாமுக்குப் போய் இங்கிலீஷ் வாத்தியார் ஆகப்போவதாகச் சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்காமலே திரும்பிப் பார்த்தேன். மனுஷன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"முதல்ல கம்பெனி வியட்நாமுக்கு ஓடிச்சு. இப்ப நீங்க அது பின்னாலயே ஓடப் போறீங்களா?" என்று கேட்டேன்.

கேலியாகச் சொன்னாலும் விஷயம் உண்மைதான். பாலத்துக்கு அக்கரையில், பிறைத் தொழிற்பேட்டையில், ஒரு ஜப்பான்காரக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்தார். போன வருஷம் கம்பெனி இங்கே கதவைச் சாத்திவிட்டு வியட்நாமுக்குக் குடிபோய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்பது இண்டர்வியூ. எல்லா இடத்திலும் சிரித்துக்கொண்டே வயதைக் கேட்டார்கள், சிரித்துக்கொண்டே அனுப்பியும் வைத்தார்கள். கடைசியில் ஜெலுத்தோங்கில் ஒரு காண்டோ அடுக்குமாடியில் ஜாகா வேலை, அதான் வாட்ச்மேன் வேலை, தருவதாகச் சொன்னார்கள். கேட்டில் உட்கார்ந்து, வருகிற காருக்குக் கட்டையைத் தூக்கிவிட வேண்டும். முதல் தேதி வரச் சொல்லி யூனிஃபார்முக்கு அளவும் எடுத்துக்கொண்டார்கள். ஜாகா வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அளவு கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவரிடம் டிகிரி இருக்கிறது. சனி ஞாயிறுகளில் போய், தன்னைவிட இருபது வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, நாற்பத்திரண்டு வயதில் வாங்கிய இங்கிலீஷ் டிகிரி. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கத் தேவையான சான்றிதழையும் ஆன்லைனில் முடித்து வைத்திருந்தார், எனக்குத் தெரியாமலே. அந்த இரண்டையும் பார்த்து, ஹாய்ஃபோங் என்ற ஊரில் ஒரு மாலை நேரப் பள்ளி வீடியோவில் இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. சரியாக இரண்டு வாரம் இருந்தது. இண்டர்வியூ சனிக்கிழமை. ஜாகா வேலை திங்கட்கிழமை.

"இந்தப் பொறுப்பை என் கையில விடுங்க," என்றேன். லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் பதினாறு வருஷமாக நிற்கிறவள் நான். வேடிக்கை பார்க்க வந்தவளையும் இரண்டு சேலை வாங்க வைத்து அனுப்பத் தெரியும். கட்டின புருஷனை ஒரு பள்ளிக்கூடத்துக்கு விற்கத் தெரியாதா?

முதல் நாள் ஒத்திகையிலேயே தலையில் கை வைத்தேன். ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நானும் இத்ரீஸ் பாயும் மாணவர்களாக உட்கார்ந்தோம். பாய் எங்கள் ஃபிளாட்டின் கீழே மீ கோரேங் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஊருக்கு டீ ஆற்றுகிற மனுஷன், யாராவது தனக்கு ஆற்றிக் கொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் வந்துவிடுவார்.

லோகேஸ்வரன் காலை அகட்டி வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "குட் மார்னிங். டுடே டார்கெட்..." என்று ஆரம்பித்தார். பாய் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னதும், "என்ஜி. ரீவொர்க்," என்றார். அந்தக் கம்பெனியில் தேறாத சாமானை என்ஜி என்பார்கள். அதை ஒதுக்கி வைத்து மறுபடி சரி செய்வது ரீவொர்க்.

"நான் என்ஜியா?" என்றார் பாய். "முப்பது வருஷமா கடை நடத்துறேன் தம்பி. என் மீ கோரேங்கைக்கூட எவனும் அப்படிச் சொன்னதில்ல."

பாடம் முடிந்தபோது இன்னும் மோசம். கம்பெனியில் காலைக் கூட்டம் முடியும்போது எல்லாரும் கையை உயர்த்தி மூன்று தரம் கத்த வேண்டுமாம். அந்தப் பழக்கத்தில் இவர் கையை உயர்த்தி, "குவாலிட்டி!" என்றார். பாயும் விடவில்லை, அவரைவிடச் சத்தமாக, "குவாலிட்டி!" என்றார். பக்கத்து வீட்டு நூருல் என்னவோ சண்டை என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

அன்றைக்கே சட்டம் போட்டேன். "யாராச்சும் கேட்டா ட்ரெயினிங் துறையில இருந்தேன்னு சொல்லுங்க. லைன், சூப்பர்வைசர், என்ஜி, எதுவும் வாயில வரக் கூடாது. ஸ்கூல்ல வேலை கேட்டுட்டு பெக்டரிக் கதை பேசினா எவன் எடுப்பான்?"

"இருபத்திரண்டு வருஷம் லா, காமி. அதைத் தூக்கிட்டா என்கிட்ட என்ன இருக்கு?"

"டிகிரி இருக்கு. கல்யாணத்துக்கு வாங்குன டை இருக்கு. போதும்."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. சம்மதம் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு யூடியூபில் ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் மாதிரியே ஸ்லேங் போட்டுப் பேசப் பழகச் சொன்னேன். சொன்னதைச் செய்கிற மனுஷன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும், "தேங்க் யூ ஸோ வெரி மச்," என்று உள்ளேயிருந்து குரல் வரும். யாருக்கு நன்றி சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பதில்களை மட்டும் அவரால் மனப்பாடம் செய்ய முடியவில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைந்து சுவரில் ஒட்டுவார்களே, மாஜோங் பேப்பர், அந்தப் பெரிய வெள்ளைத் தாளில் பத்து வாங்கி வந்தேன். ஒரு கேள்விக்கு ஒரு தாள். நூருலின் மகளை இங்கிலீஷைச் சரி பார்க்கச் சொல்லி, மார்க்கரில் கொட்டை எழுத்தில் நானே எழுதினேன். லேப்டாப்புக்குப் பின்னால் நான் நின்று தூக்கிப் பிடிக்க வேண்டியது, அவர் பார்த்துப் படிக்க வேண்டியது.

இரண்டு வாரமும் அவரைக் கேலி செய்துகொண்டே இருந்தேன். வாய் சும்மா இருந்தால் மனசு பேச ஆரம்பித்துவிடும் என்று பயம். வேலை கிடைத்தால் ஒரு வருஷம் அவர் அங்கே, நான் இங்கே. மகள் ஜொகூரில் படிக்கிறாள், அவள் படிப்பு முடிகிறவரை நான் கடையை விட முடியாது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய், இந்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும் முருகா என்று கும்பிட்டேன். கும்பிட்டு முடிப்பதற்குள், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று உள்ளே இன்னொரு குரல் கேட்டது. முருகனுக்கே குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பின் முன்னால் டையும் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். நான் எதிரே முக்காலியில் ஏறி, தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். திரையில் மிஸ் ஹான் வந்தாள். அந்தப் பள்ளியை நடத்துகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள்.

முதல் கேள்வி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். முதல் தாளைத் தூக்கினேன். யூடியூப் வெள்ளைக்காரர் குரலில் நன்றாகவே படித்தார். கண் மட்டும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி என்னதான் பார்க்கிறார் என்று மிஸ் ஹான் ஒரு தரம் தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்து, ஏன் வியட்நாம் என்றுதான் கேட்பாள் என்று அந்தத் தாளைத் தூக்கிவிட்டேன். அவளோ, உங்களிடம் இருக்கும் பலவீனம் என்ன என்று கேட்டாள். என் வீட்டுக்காரருக்குத்தான் என் மேல் எவ்வளவு நம்பிக்கை! கேட்ட கேள்வியைக் காதில் வாங்காமல், தாளில் இருந்ததைக் கணீரென்று படித்தார். "வியட்நாம் சாப்பாடும் வியட்நாம் மக்களும். சின்ன வயதிலிருந்தே."

மிஸ் ஹான் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்கள் எதிரில் நிற்பது யார், மிஸ்டர் லோகேஸ்வரன்?" என்று சிரிக்காமல் கேட்டாள்.

"என் மனைவி," என்றார் பாவம், மறைக்கத் தெரியாமல்.

எனக்கு அந்த முக்காலியிலிருந்து அப்படியே ஒன்பதாவது மாடி ஜன்னல் வழியாகப் போய்விடலாம் போல இருந்தது. மிஸ் ஹானோ கோபப்படவில்லை. "மேடம் தாளைக் கீழே வைத்துவிடட்டும். கை வலிக்கும்," என்றாள். பிறகு அவரிடம், "இப்போது நான் மாணவி. எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள்," என்றாள்.

நாங்கள் ஒத்திகை பார்த்த விமான நிலையப் பாடத்தை அவர் ஆரம்பித்தார். பாஸ்போர்ட், லக்கேஜ், போர்டிங் என்று அழகாகச் சொன்னார். மிஸ் ஹான் புரியவில்லை என்று தலையாட்டினாள். மறுபடி சொன்னார், மறுபடி தலையாட்டினாள். மூன்றாவது தரம் அவருடைய நெற்றியில் வேர்வை ஓடுவதைப் பார்த்தேன். போச்சு, திங்கட்கிழமை காண்டோ கேட்டுக்குத்தான் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றுதான். அவர் ஜெயிக்க வேண்டும். தண்ணீர்மலையில் கேட்ட இரண்டாவது குரலைக் காணவே இல்லை.

லோகேஸ்வரன் நிறுத்தினார். டையைத் தளர்த்திவிட்டார். "ஓகே. ஸ்டாப் லைன்," என்றார் தன் சொந்தக் குரலில், பெக்டரியில் மெஷினை நிறுத்தச் சொல்கிற மாதிரி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் மேசையிலிருந்த டீ கப்பைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். "ஓகே," என்றார், கட்டை விரலை உயர்த்தி. பிறகு எட்டி, நான் பேனாக்கள் போட்டு வைத்திருந்த காதுடைந்த கப்பை எடுத்தார். "என்ஜி," என்று உதட்டைப் பிதுக்கினார். காது இருக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, "புரோக்கன்," என்றார். மிஸ் ஹான் திருப்பிச் சொன்னாள். அவர் காத்திருந்தார். எதுவும் சொல்லாமல், கையை மட்டும் அவள் பக்கம் நீட்டிக் காத்திருந்தார். அவள் தன் மேசையில் தேடி, மூடியில்லாத ஒரு பேனாவை எடுத்து, "என்ஜி!" என்றாள். "குட். வொய்?" என்று மூடி இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். "மிஸ்ஸிங்," என்று ஒரே ஒரு தரம் சொல்லிக்கொடுத்தார். ஐந்து நிமிஷம் முடிந்தபோது தெரியாதவளாக நடித்த அந்தப் பொண்ணு நாலு முழு வாக்கியம் பேசிவிட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிச் சொல்லிக்கொடுக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டாள்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். என் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. "பெக்டரியில்," என்றார். நேப்பாளத்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் புதுப் பிள்ளைகள் ஒரு வார்த்தை தெரியாமல் லைனுக்கு வருவார்கள். மெஷின் விரலை எடுத்துவிடும். நிறுத்து, சூடு, உடைந்தது, உதவி, இதெல்லாம் முதல் நாளே தெரிந்தாக வேண்டும். முதல் நாள் பத்து வார்த்தை, மூன்று மாதத்தில் முந்நூறு. சாப்பாட்டு நேரத்தில் கூட உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பாராம். இருபத்திரண்டு வருஷத்தில் நானூறு பேருக்கு மேல் இருக்கும் என்றார்.

எனக்கே இது தெரியாது. வீட்டுக்கு வந்தால் ஓவர்டைம், பாலத்தில் ஜாம் என்று இரண்டு விஷயம்தான் பேசுவார். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

"எங்கள் மாணவர்கள் எல்லாரும் தொழிற்பேட்டையிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்," என்றாள் மிஸ் ஹான். "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "முக்கியம் என்று நினைக்கவில்லை," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெயில் வந்தது. ஒரு வருஷ ஒப்பந்தம், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வேலையில் சேர வேண்டும். நான் போட்ட சத்தத்தில் நூருல் ஓடி வந்தாள். இத்ரீஸ் பாய் கடைக்கு இறங்கிப் போய் அவருக்கும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் இவர் காண்டோவுக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்று சொல்லியிருந்தார். சந்தோஷமாகக் குதிப்பார் என்று பார்த்தால், ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இங்கேருந்தே வியட்நாம் தெரியுதா?" என்றேன்.

"காமி, ஒண்ணு கேட்கிறேன். விளையாட்டா பதில் சொல்லக் கூடாது."

"கேளுங்க."

"நான் பெக்டரியில வேலை செஞ்சது உனக்கு வெட்கமா இருந்துச்சா?"

கடையில் யாராவது வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால், டிகிரி முடித்தவர் என்று சொல்லிப் பேச்சை மாற்றிய நாட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"இருந்துச்சு," என்றேன். "ரொம்பவே இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப?"

"இப்ப என்னை நினைச்சாத்தான் வெட்கமா இருக்கு. உங்களை நினைச்சா பெருமையா இருக்கு. போகாதீங்கன்னும் சொல்லத் தோணுது. எல்லாம் ஒண்ணா வந்து நிக்குது, நான் என்ன செய்ய?"

அவர் அருகில் வந்தார். "நீ போகாதன்னு சொன்னா நான் போக மாட்டேன், காமி," என்றார்.

ஒப்புக்குச் சொல்லவில்லை. இருபத்திமூன்று வருஷம் கூட இருந்தவளுக்கு அந்தக் குரல் தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே காண்டோவுக்குத் திரும்ப ஃபோன் போட்டு, அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, என்னை ஒரு குறையும் சொல்லாமல் அங்கே உட்கார்ந்துவிடுவார்.

"இன்னிக்கே டிக்கெட் பாருங்க," என்றேன். "லேட்டானா விலை ஏறிடும்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய், அவருக்குக் கேட்காமல் அழுதேன்.