விரல் தாண்டிய வரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. முதல் பொய்யைச் சொன்னவளுக்கு வயது ஏழு. நான் பின்னால்தான் சேர்ந்துகொண்டேன். அப்போது எனக்கு இருபத்தைந்து. இப்போது ரிட்டையராகி, டோம்பிவிலியில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, ஆள் கிடைத்தால் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் உத்தியோகம். சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

‘தாராவியில் அன்று அடைமழை. தகரக் கூரை மேல் வானமே இடிந்து —’

வேண்டாம். நடந்தது பிப்ரவரி மாதம். பிப்ரவரியில் பம்பாய்க்கு மழை கொண்டுவர எனக்கே கை கூசுகிறது.

‘லூர்தம்மாள் டீச்சரின் ஒன்றாம் வகுப்பில் நூற்றுப் பத்துப் பிள்ளைகள் —’

அந்த டீச்சர் நான்தான். பிள்ளைகள் ஐம்பத்து நான்கு. [சத்தத்தை எண்ணினால் நூற்றுப் பத்து சரிதான்.]

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். வருடம் 1964. தாராவியில் முனிசிபாலிட்டியின் தமிழ்ப் பள்ளி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தோல் பெட்டி தைக்கும் கார்கானா. அங்கே மெஷின் டக்டக்கென்று அடிக்கும். அந்தத் தாளத்துக்குப் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பார்கள். கரண்ட் போனால் வகுப்பு முழுக்கத் திக்கும். இதில் பாதியாவது உண்மை.

2

இசக்கியை அறிமுகப்படுத்த வேண்டும். வாசகர் இரங்கட்டும் என்று முதல் பிரதியில் அவள் கண்ணில் இரண்டு சொட்டு நீர் வைத்தேன். ஒட்டவே இல்லை. அவள் அழுகிற ரகம் கிடையாது. பார்க்கப்போனால் அவள்தான் என்மேல் இரக்கப்படுவாள்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. வாசிக்கும்போது சொல்லுக்குக் கீழே விரல் நிற்கவேண்டும். வாய் ‘மரத்தில்’ என்றால் விரலும் ‘மரத்தில்’ இருக்கவேண்டும். விரல் வேறெங்கோ மேய்ந்தால் அது வாசிப்பு இல்லை, மனப்பாடம்.

இசக்கியின் வாய் “அணில் மரத்தில் ஏறியது” என்று கணீரென்று சொல்லும். விரல் படத்திலிருக்கும் அணிலின் வாலைத் தடவிக்கொண்டிருக்கும்.

“இசக்கி, விரல் எங்க இருக்கு?”

“கையில டீச்சர்.”

ஐம்பத்து நான்கு பேரும் சிரித்தார்கள். நான் வெடுக்கென்று இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டினேன். வாய் நிற்கவில்லை. அணில் மரத்திலிருந்து இறங்கி, கொய்யாப்பழம் தின்று, பாடத்தையே முடித்துவிட்டது.

பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே பென்சிலால் எழுதினேன்: ‘வாசிக்கவில்லை.’

3

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. மணியடித்ததும் என் மேசை தபாலாபீஸ் ஆகிவிடும். ஊருக்குக் கடிதம் எழுத அம்மாக்கள் வருவார்கள். அந்தச் சனிக்கிழமை வந்தவள் பேராச்சி, இசக்கியின் அம்மா. ஒரு கையில் ஊரிலிருந்து வந்த இன்லேண்டு. மறு கையில் பதில் எழுதப் புது இன்லேண்டு. பக்கத்தில் இசக்கி.

“மாமா கடுதாசி போட்டிருக்காவ. பதில் எழுதணும் டீச்சர்.”

“கொடுங்க, முதல்ல வாசிச்சுக் காட்டுறேன்.”

“அதெல்லாம் நேத்தே ஆச்சு. எம்மவ வாசிச்சிட்டாள்லா!”

“யாரு, இசக்கியா?”

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீய டீச்சர். மாமா என்ன எழுதிருக்காவ தெரியுமா? இசக்கி அங்கனயே இருந்து படிக்கட்டும்னு எழுதிருக்காவ.”

நான் கடிதத்தைப் பிரித்தேன். பேராச்சியின் மாமனார் பூதத்தான் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. இதில் ஒரு எழுத்தைக்கூட நான் பெரிதாக்கவில்லை:

‘நலம். நலமறிய ஆவல். உன் நாத்தனார் ஆறுமுகத்தாய்க்குப் பெண் பிறந்திருக்கிறது. கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. படிப்பு ஏறாத பிள்ளையை அங்கே வைத்திருந்து என்ன பயன். மே மாதம் இசக்கியைக் கொண்டுவந்து இங்கேயே விட்டுவிடவும். மழை இல்லை. மாடு சுகம்.’

நிமிர்ந்தேன். இசக்கி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஏதோ அணில் ஓடுகிற மாதிரி.

4

இந்த இடத்தில் கதை மூன்று பக்கம் பிரிகிறது.

(அ) டீச்சர் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். யோக்கியமான டீச்சர். மே மாதம் இசக்கி ரயிலேறுகிறாள். தொட்டிலை ஆட்டுகிறாள். கதை தீர்ந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) டீச்சர் மயங்கி விழுகிறாள். கார்கானாக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து — [இதைப் பல வருடம் இப்படித்தான் சொல்லி வந்தேன். என் மகள்கூட நம்பினாள்.]

(இ) நடந்தது.

கடிதத்தை இசக்கியின் முன்னால் மேசையில் வைத்தேன். “எங்கே, எனக்கும் ஒருதரம் வாசி. விரல் வச்சு.”

வைத்தாள். ‘நலம்’ என்றபோது விரல் ‘நலம்’ கீழே. ‘ஆவல்’ கீழே. ‘கைப்பிள்ளையை’ வந்தபோது திக்கினாள். ‘கைப்… கைப்பி…’ மூன்றாவது முயற்சியில் ஏறிவிட்டாள். மனப்பாடக்காரிக்கு இப்படித் திக்காது. விரல் ‘ஆளில்லை’ வரை வந்தது. அடுத்து ‘படிப்பு’. அங்கே நின்றது.

ஒரு மூச்சு.

விரல் மேலே எழும்பியது. பாவாடை நனையாமல் சாக்கடையைத் தாண்டுவது போலத் தாண்டி, நேராக ‘மழை’யில் போய் இறங்கியது. அது அந்தரத்தில் இருந்த நேரத்தில் வாய் சொன்னது: “இசக்கி அங்கனயே இருந்து படிக்கட்டும்.” பிறகு, விரல் தரையில்: “மழை இல்லை. மாடு சுகம்.”

[ஓரக் குறிப்பு, என்னைப் போன்ற டீச்சர்களுக்கு: இரண்டு வாக்கியத்தைத் துல்லியமாகத் தாண்ட வேண்டுமானால் அவை எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன, அதிலென்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். அவள் அதை வாசித்திருந்தாள். மனப்பாடமான பாடத்தில் விரலுக்கு என்ன வேலை? அதனால்தான் அது அணிலோடு விளையாடப் போனது.]

5

இப்போது என் முறை. நானும் ஒரு வரியைத் தாண்டியிருக்கிறேன். மூன்றாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் விரல் அங்கே தடுக்கவில்லையா? ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று எங்கோ ஊரில் இருக்கும் பூதத்தானுக்கு யார் சொன்னது?

நான்தான். ஜனவரியில் பேராச்சி இதே மேசையில், “அவ எப்படிப் படிக்கான்னும் ஒரு வரி எழுதுங்க டீச்சர்” என்றாள். ‘இசக்கிக்குப் படிப்பு ஏறவில்லை’ என்று என் கையால், அழகான எழுத்தில் எழுதினேன். கிழவர் என் வரியைத்தான் எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்.

“சரியா வாசிச்சாளா டீச்சர்?” என்று கேட்டாள் பேராச்சி.

“அவளுக்கு நல்லா வாசிக்க வருது” என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பேராச்சி கடிதத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கடைசியில் என்னை.

“எங்க மாமா இத்தன வருசத்துல மாட்டத் தவிர ஒருத்தரப் பத்தியும் நல்ல வார்த்த எழுதுனதில்ல டீச்சர்.” குரலில் சிரிப்பா, கோபமா, தெரியவில்லை. “இந்தத் தடவ எழுதிட்டாவ. நீங்க அவ வாசிச்சபடிக்கே பதில் எழுதுங்க.”

“இசக்கியோட அப்பா என்ன சொல்வாரு?”

“அவுகளுக்கும் இவதானே வாசிச்சிக் காட்டுனா.”

எழுதினேன். ‘இசக்கி இங்கேயே இருந்து படிக்கட்டும் என்று தாங்கள் பெரிய மனதோடு எழுதியது கண்டு எல்லோருக்கும் சந்தோஷம். படிப்பு ஏறவில்லை என்று முன்பு எழுதியது தவறு. தவறு டீச்சருடையது.’ அடியில் இசக்கி தன் பெயரைத் தானே எழுதினாள்.

அந்த ஊரில் தபால்காரர் கடிதத்தைத் தெருவில் நின்றே உரக்க வாசிப்பாராம். தெருவே கேட்டிருக்கும். அத்தனை பேர் முன்னால் பெரிய மனதுக்காரர் ஆனபிறகு, ‘நான் அப்படி எழுதவே இல்லை’ என்று வாயைத் திறக்க எந்தக் கிழவருக்கு மனசு வரும்? [இது என் கற்பனை. அதனால்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறது.]

6

ஏப்ரலில் பதில் வந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. வாசிக்க வீட்டிலேயே ஆள் இருந்தது.

“தாத்தா கடுதாசி வந்திச்சு டீச்சர்” என்றாள் இசக்கி.

“என்ன எழுதியிருக்காரு?”

“மாடு சுகம்.”

அவ்வளவுதான். ஆக, கிழவர் எழுதியது என்ன, வீட்டில் இவள் வாசித்தது என்ன? இரண்டும் எனக்குத் தெரியாது. மே மாதம் இசக்கி வீட்டார் குடும்பத்தோடு ஊருக்கு ரயிலேறினார்கள். திரும்பி வரும்போது கூட அவளும் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

ஜூன். பள்ளி திறந்த முதல் நாள். என் பிள்ளைகளோடு நானும் இரண்டாம் வகுப்புக்குப் பாஸாகியிருந்தேன். பழைய பதிவேட்டில் அந்தப் பென்சில் குறிப்பை ரப்பரால் அழித்து, மேலே மையால் ‘வாசிக்கிறாள்’ என்று எழுதியாகிவிட்டது. இப்போது வெளியே நிஜமாகவே மழை. கதவருகே நனைந்த தலைகளின் நெரிசல். யார் யாரென்று தெரியவில்லை. பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

இங்கே மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. மூன்றையும் கிழித்துவிட்டேன். நான் எழுதினால் பெரிதாக்கிவிடுவேன். இந்த ஒன்றை மட்டும் பெரிதாக்க விருப்பமில்லை.

என் விரல் பட்டியலில் அந்தப் பெயருக்குக் கீழே நிற்கிறது. “இசக்கி” என்று கூப்பிட்டுவிட்டேன்.

அடுத்த வரி உங்களுடையது. ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்வதானால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். கார்கானா ஓடிக்கொண்டிருக்கிறது.