வளைவின் உள்பக்கத்து வேலி

பசுவந்தனை ரோட்டு வளைவில் இசக்கிமுருகனின் டிராக்டரைக் கண்டாலே வேலுத்தாய் மண்ணை வாரித் தூற்றுவாள். அவன் அவளுடைய கொழுந்தன்தான். ஆனால் அவள் வாயில் அவன் பெயர் கொலைகாரன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வளைவில், காய்ந்த பருத்திச்செடி மாரை ஏற்றி ஊர்ந்துகொண்டிருந்த அவன் டிராக்டரை முந்தப் போய்த்தான் அவள் புருஷன் சோலைச்சாமி எதிரே வந்த லாரியில் அடிபட்டுச் செத்தான். தம்பிக்காரன் வேண்டுமென்றே வழி விடவில்லை என்று ஊரைக் கூட்டி நியாயம் கேட்டாள். ஊர் நம்பவில்லை. அதற்காக அவள் ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை.

இப்போது அந்த வளைவுக்கே நாள் குறித்துவிட்டார்கள். நெடுஞ்சாலை என்ஜினீயர் செண்பகராஜ் வந்து அளந்தார். ஒரு மக்காச்சோள டிராக்டர் முன்னால் போனால் பஸ், தீப்பெட்டி லாரி, கார் எல்லாம் அதன் வாலைப் பிடித்தே வருகின்றன, இந்த ரோட்டில் போக வேண்டிய வண்டிகளில் பாதிகூடப் போக முடியவில்லை என்றார். வளைவை நிமிர்த்த அவள் கரிசல் புஞ்சையில் பாதி வேண்டுமாம். மொத்தமே ஒரு ஏக்கர்தான். புஞ்சையில் கால் வைத்தால் காலை வெட்டுவேன் என்று அவள் மறித்து நின்றாள்.

என்ஜினீயர் கோபப்படவில்லை. வளைவின் உள்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்ற சீமைக்கருவேல வேலியைக் காட்டினார்.

"இத வெட்டிட்டு, ஓரத்துல உசரமா எதுவும் வைக்காம இருந்தீங்கன்னா, ரோட்டக் கொஞ்சம் அகலப்படுத்தினாப் போதும்மா. எதிர்ல வாரது தெரியாமத்தான் எல்லாரும் தடுமாறுதாங்க."

அந்த வேலி அவள் வளர்த்தது. இசக்கிமுருகனின் ஆடுகள் அவள் உளுந்தை மேய்ந்த வருஷம், அவன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று விதை போட்டு வளர்த்தாள். சோலைச்சாமி வெட்டச் சொன்னபோது அவனோடும் மல்லுக்கு நின்றாள்.

நிலம் போய்விடுமே என்று இப்போது அவளே அரிவாளை எடுத்தாள். கூலிக்கு ஆள் விடவில்லை. கையெல்லாம் முள் கிழித்து, ஒருவழியாக வேலி சாய்ந்தது. மூச்சு வாங்க ரோட்டோரம் வந்து நிமிர்ந்தாள். சோலைச்சாமி வண்டியை ஒடித்து முந்தப் போன இடம் அது. வளைவின் அந்தக் கடைசியில் வந்துகொண்டிருந்த லாரி முழுசாகத் தெரிந்தது. அவள் திரும்பி, சாய்ந்து கிடந்த வேலியைப் பார்த்தாள்.

எதிர்ப்பக்கம் தன் புஞ்சையில் நின்ற இசக்கிமுருகனும் அந்த லாரியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"என்னலே பாக்க? சொல்ல வேண்டியதச் சொல்லித் தொலையேன்."

"ஒண்ணுமில்ல மதினி."

தலையைக் குனிந்தபடி அவன் போய்விட்டான். ஒரு வார்த்தை பழித்திருந்தால் அவளும் நாலு வார்த்தை ஏசியிருப்பாள். வெட்டிப் போட்ட முள்ளுக்கு நடுவே உட்கார்ந்து, புருஷன் வெட்டச் சொன்ன அன்றைக்கே வெட்டியிருக்கலாமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.