பதினெட்டு மாடிக் கண்கள்

மலாக்காவைப் போர்த்துகீசியர் ஆண்டார்கள், டச்சுக்காரர் ஆண்டார்கள், ஆங்கிலேயர் ஆண்டார்கள். மலாக்காவின் வெயிலை ஆள வந்தது இந்தப் பதினெட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றுதான். விளம்பரப் புத்தகத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. எழுதியவர் கட்டடத்தின் தலைமைப் பொறியாளர் இராஜரட்ணம். தொண்ணூற்றாறாம் ஆண்டு அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை, வெளியே வெயில் கொளுத்த, உள்ளே அத்தனை விளக்குகளும் கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தன.

கீழ்க்கூடத்துச் சுவரில் ஒரு மின்பலகை. கட்டடம் அந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று ஊருக்கெல்லாம் காட்டும். அதுவும் இராஜரட்ணத்தின் யோசனைதான். எண் ஏறிக்கொண்டே போனது.

மின்சிக்கனப் பரிசுக்கான நடுவர் கோலாலம்பூரிலிருந்து கிளம்பிவிட்டார். பரிசு கிடைத்தால் இன்னும் மூன்று வருடம் வேலை; கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்துவிடலாம் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னது எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை.

ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, அதற்கு வெளியே வெயில் மறைப்பு, ஒவ்வொரு மாடியின் உட்கூரையிலும் மின்கண். பகல் வெளிச்சம் போதுமென்றால் அந்தக் கண்ணே விளக்குகளைத் தணித்துவிடும். தணிக்காவிட்டால் விளக்குச் சூட்டை அடக்க ஏர்கோனும் சேர்ந்து ஓடும். இன்று ஒரு கண்ணும் தணிக்கவில்லை.

இராஜரட்ணம், பராமரிப்பு ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீரமுத்துவை இழுத்துக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போனார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். கண்ணை மூடி அடையாகச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"என்ன இது?"

"நேத்து ஆயுத பூஜை சார்."

"அது தெரியும். இதில எதுக்கு?"

"ஒரு மெஷின் விடாம பொட்டு வைங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? லிஃப்டு, பம்பு, ஏர்கோன் எல்லாத்துக்கும் வச்சாச்சு. இத மட்டும் விட்டா கோவிச்சுக்காதா?"

"எத்தனை மாடிக்கு வச்சீங்க?"

"பதினெட்டுக்கும்தான்."

ஏணியைப் பிடித்திருந்த துப்புரவுக்காரி பவானேஸ்வரி, "போதும்னு நான் சொன்னேன்லா சார். அண்ணன் கேக்கல. கண்ணு குருடாப் போயிரும்னு கூட சொன்னேன்," என்றாள்.

"நீதானம்மா சந்தனம் கரைச்ச," என்றார் வீரமுத்து.

"இது உங்க பழைய பெம்பான் எஸ்டேட்டு ஸ்டோர் இல்ல," என்று இராஜரட்ணம் ஏணியின் உச்சியிலிருந்து சொன்னார். "இது விஞ்ஞானம். ஓடுங்க, சோப்புத் தண்ணி கொண்டு வாங்க."

சந்தனம் ஒரே இரவில் கல்லாக இறுகியிருந்தது. வீரமுத்துவின் ஆட்கள் மேலிருந்து இறங்கி வர, இராஜரட்ணம் கழுத்துப்பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தானே சுரண்டினார். மஞ்சள் தண்ணீர் சட்டைக் கைக்குள் வழிந்தது. கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் தேநீர்க் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்கள். ஒவ்வொரு கண்ணாகத் திறக்கத் திறக்க, விளக்குகள் ஒவ்வொரு வரிசையாகத் தணிந்தன. இரண்டாம் மாடியில் இருக்கும்போது வாக்கிடாக்கி கரகரத்தது: நடுவர் வந்துவிட்டார்.

இராஜரட்ணம் கீழே ஓடி வந்தபோது நடுவர் புவான் ரொஹானா அம்மையார் மின்பலகையின் முன்னால் நின்றிருந்தார். எண் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவர் தலையாட்டினார். இராஜரட்ணத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"காட்டுவதற்கென்று வைத்திருக்கும் மாடி வேண்டாம்," என்றார் நடுவர் மலாயில். "நீங்கள் உட்காரும் அறையைப் பார்க்கலாமா?"

வந்த மூச்சு திரும்பிப் போனது.

"அது ரொம்பச் சின்ன அறை, புவான். சாவி வேறு வீட்டில் மறந்து..."

"எங்கிட்ட இன்னொரு சாவி இருக்கு சார்," என்றார் வீரமுத்து, உதவி செய்யும் ஆர்வத்தில்.

கதவு திறந்தது. ஜன்னல் நிறைய வெயில். அதற்குப் போட்டியாக நான்கு விளக்குகள். ஜன்னல் பக்கத்து மின்கண்ணின் ஓரத்தில் வைத்த சந்தனம் வழிந்து கண்ணை அடைத்திருந்தது.

"இது?"

"அளவு சரிபார்க்கும் அடையாளம், புவான்."

நடுவர் அண்ணாந்து நிதானமாகப் பார்த்தார். "நான் இதே மலாக்காவில், லூபோக் சீனாவில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டு லாரிக்கும் வருஷா வருஷம் இதே அடையாளம்தான் வைப்பார்கள்."

அவர் பேனாவை மூடினார். மூன்று வருடமும் அதோடு மூடிக்கொண்டது.

"யார் வைத்தது?" என்று வீரமுத்துவைக் கேட்டார்.

"தெரியாது, புவான். இந்த ரூம தானே பாத்துக்கறேன்னு சார் சொல்லிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் வராத நேரமாகப் பார்த்து, காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறி அதை வைத்தவர் இராஜரட்ணம்.