ஏல நோட்டு

பெலிக்ஸின் கழுத்துப் பித்தானைப் போடப் போன ரூபி, வேண்டாமென்று கையை எடுத்துக்கொண்டாள். உயிரோடு இருந்தபோதே இறுக்கிப் போட்டால் பிடிக்காத மனுஷன். விடியற்காலை ஐந்தரைக்கு உயிர் போனது. மணி பத்தாகியும் கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. வாசலில் சாரலுக்கு ஒதுங்கி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்காத சாவுக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் குழி கிடையாது. அங்கேதான் இவர்களுடைய ஒரே மகள் கிடக்கிறாள். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

சபைச் செயலாளர் ஜெனோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"சித்தி, சித்தப்பாவுக்குச் சங்கம் பதினெட்டு மாசம் பாக்கி நிக்கி."

"தெரியும்லே. இந்தா." மூவாயிரத்து அறுநூறை எண்ணியே வைத்திருந்தாள்.

சங்கம் என்கிற மாதச் சந்தா கட்டாத வீட்டுச் சாவுக்கு மணி அடிக்கக் கூடாது என்று கமிட்டியில் சட்டம் போட்டவரே இந்த பெலிக்ஸ்தான். பதினாலு வருஷம் பொருளாளர். ஒரு கொத்தனாரின் அம்மா செத்தபோது நானூறு ரூபாய்க்காக மத்தியானம் வரை மணியை நிறுத்திவைத்த புண்ணியவான். அன்றைக்கு ரூபி அவருக்குச் சோறு போடவில்லை. "ஆண்டவர் காசுல தாட்சண்யம் பாக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டுப் பட்டினியாகப் படுத்தார்.

அதே கறாரைப் பெரிய இடத்திலும் காட்டினார், அதுதான் வினையாயிற்று. ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களைக் கோயிலுக்காக ஏலம் விடும்போது, கமிஷன்கடை தவமணி அண்ணாச்சி ஒற்றை எலுமிச்சம்பழத்தைப் பன்னிரண்டாயிரத்துக்குக் கேட்பார். கைதட்டலில் கூரை பிய்ந்துவிடும். பழம் வீட்டுக்குப் போகும், பணம் வராது. அவரைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர். பெலிக்ஸ் ஏல நோட்டைப் பார்த்து மூன்று வருஷப் பாக்கியைப் பெயர் பெயராக எழுதிக் கோயில் பலகையில் ஒட்டினார். மறுவாரமே பதவி போயிற்று. "அவுக ஏலப்பணம் வந்த அன்னைக்கு என் சங்கமும் வரும்" என்று வீம்பு பிடித்தார். கட்டித் தொலையுங்களேன் என்று ரூபி கெஞ்சாத நாளில்லை.

ஜெனோ பணத்தைத் தொடவில்லை.

"இது கெடக்கட்டும் சித்தி. கமிட்டி தள்ளுபடி பண்ணிரும். சித்தப்பா கையில அந்த ஏல நோட்டு இருக்காம்லா... அதக் கேக்காவ."

"யாரு கேக்கா?"

"தவமணி அண்ணாச்சி."

"குடுக்கலன்னா?"

அவன் பெலிக்ஸின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நான் என்ன செய்யட்டும் சித்தி? குழி வெட்டுத ஆளு அங்கன கடப்பாரையோட நிக்கான். நேரம் போகுதுல்லா."

ரூபிக்கு இவன்களைவிடப் படுத்துக்கிடக்கிறவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. "எல்லாத்துக்கும் சட்டம் பேசுவீகளே, இப்பம் பேசுங்க" என்றாள். பிறகு பீரோவைத் திறந்து, மடித்த வேட்டிகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் அவருடைய கோழிக்கிறுக்கலில் கூட்டுத்தொகை நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம். அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

"கொண்டு போ. நல்லா இருங்கலே."

கால்மணி நேரத்தில் மணி அடித்தது.

சாயங்காலம் மகளுக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள். போதகர் ஐயர் ஜெபத்தை முடித்ததும் தவமணி அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"பெலிக்ஸ் ஆண்டவர் பணத்தக் காத்த உண்மையுள்ள உக்கிராணக்காரன். ஒரு பைசா பெசகாத மனுஷன். அவர் நினைவா நம்ம கோயிலுக்கு என் காணிக்கை அம்பதாயிரம் ரூவா!"

கூட்டம் ஆமென் என்றது.

"ஜெனோ" என்றாள் ரூபி. குரல் தெளிவாக இருந்தது. "எழுதிக்கிட்டியாலே?"

ஜெனோ குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டான்.